பிளாக், பெல்ட், கண்ணாடி இல்லாமல்: யோகப் பயிற்சியில் வெளித்துணையைக் குறைக்க ஒரு முழு வழிகாட்டி

பல வருடம் வகுப்புக்குப் போனவர்களிடம்கூட, "நாளைக்கு வீட்டில் வெறும் தரையில், பிளாக், பெல்ட் எதுவும் இல்லாமல் செய்து பாருங்கள்" என்று சொன்னால் ஒரு தயக்கம் வரும். உடம்பு வளையாதோ என்ற பயம் அதில் கொஞ்சம்தான். "நான் சரியாகச் செய்கிறேனா என்று எனக்கு எப்படித் தெரியும்?" என்பதுதான் பெரிய கேள்வி. இதுவரை அதைச் சொன்னது பிளாக் (செங்கல் அளவுக் கட்டை), சுவர், கண்ணாடி, மேட்டில் அச்சடித்த கோடு, மாஸ்டரின் கை. இவை போனால் அளவுகோலும் சேர்ந்து போய்விடுகிறது.

அதனால் முதலில் உடம்புக்குள் ஓர் அளவுகோல் வளர வேண்டும். உபகரணம் அதற்குப் பிறகுதான் குறைய வேண்டும். இந்த வரிசையை மாற்றி, ஒரே நாளில் எல்லாவற்றையும் மூலையில் வைத்துவிட்டுப் பழகினால் முதுகோ முழங்காலோ பழி சுமக்கும். கீழே சொல்லியிருப்பது நின்று, உட்கார்ந்து, குனிந்து செய்யும் அடிப்படை ஆசனங்கள் ஓரளவு பழகியவர்களுக்கானது. நேற்றுதான் சேர்ந்தவர்கள் பிளாக்கோடும் சுவரோடும் சில மாதங்கள் நன்றாகப் பழகிவிட்டு வரலாம்.

## ஒரே குரு, இரண்டு வழி

இன்றைய வகுப்புகளில் நாம் பார்க்கும் செங்கல் அளவுக் கட்டை, பெல்ட், நாற்காலி, சுவரில் தொங்கும் கயிறு இவற்றுக்கெல்லாம் பெரிதும் காரணமானவர் யோக ஆசிரியர் பி.கே.எஸ். ஐயங்கார் (1918–2014). சிறுவயதிலேயே நோய்களால் மெலிந்த உடம்பு அவருடையது. பிறகு புனேயில் அவரிடம் வந்தவர்களிலும் நோயாளிகள், வயதானவர்கள், விறைத்த உடம்புக்காரர்கள் நிறைய. கை தரையைத் தொடாதவருக்கும் திரிகோணாசனத்தின் (காலை அகட்டி நின்று பக்கவாட்டில் சாய்வது) விரிவு கிடைக்க வேண்டும் என்பதற்காகத்தான் கட்டை வந்தது. அந்த மரபின் நல்ல ஆசிரியர்கள் இன்றும் உபகரணத்தைக் கொடுத்து, "இப்போது கிடைத்த உணர்வை ஞாபகம் வை, அடுத்த முறை அது இல்லாமல் தேடு" என்றுதான் சொல்வார்கள். இந்த இரண்டாவது பாதி பல வகுப்புகளில் விட்டுப்போய்விட்டது.

ஐயங்காரின் குரு திருமலை கிருஷ்ணமாச்சார்யா (1888–1989) 1952-இல் சென்னைக்கு வந்து, கடைசி வரை இங்கேயேதான் இருந்தார். அவர் மகன் டி.கே.வி. தேசிகாச்சார் (1938–2016) வளர்த்தெடுத்த வழியில் கட்டைக்கும் பெல்ட்டுக்கும் பெரிய இடம் இல்லை. ஆசனத்துக்கு ஏற்றபடி ஆளை மாற்றாமல், ஆளுக்கு ஏற்றபடி ஆசனத்தை மாற்றுவார்கள். முழங்காலை மடக்குவார்கள், தங்கும் நேரத்தைக் குறைப்பார்கள், மூச்சை முன்னே வைப்பார்கள். இத்தாலியைச் சேர்ந்த வாண்டா ஸ்காரவெல்லி (1908–1999) ஐயங்கார், தேசிகாச்சார் இருவரிடமும் கற்றவர். பிறகு அவர் தனக்கென ஒரு வழி கண்டார்: புவியீர்ப்புக்கு உடம்பைக் கொடுப்பது, முதுகெலும்பு தானாக நீள விடுவது, இழுத்துப் பிடிக்காமல் இருப்பது. துல்லியம் ஒரு வீட்டில், மூச்சு இன்னொரு வீட்டில் என்று பிரிக்க வேண்டியதில்லை என்பதற்கு அவர் பயிற்சியே சாட்சி.

## படி 1: உங்கள் உபகரணம் என்ன வேலை செய்கிறது?

ஒரு நாள் வழக்கமான பயிற்சியைச் செய்துவிட்டு, எந்த ஆசனத்தில் எதைப் பயன்படுத்தினீர்கள் என்று ஒரு தாளில் எழுதுங்கள். பக்கத்தில், அது எதற்காக என்றும் எழுதுங்கள். உபகரணம் செய்யும் வேலை பெரும்பாலும் நான்கில் ஒன்றாக இருக்கும்.

தூரத்தைக் குறைப்பது முதல் வேலை. திரிகோணாசனத்தில் கைக்குக் கீழே வைக்கும் பிளாக், பஸ்சிமோத்தானாசனத்தில் (கால் நீட்டி உட்கார்ந்து முன்னே குனிவது) பாதத்தைச் சுற்றிப் போடும் பெல்ட் இந்த வகை. இரண்டாவது, எடையைத் தாங்குவது: படுத்திருக்கும்போது முதுகுக்குக் கீழே போல்ஸ்டர் (நீளமான திண்டு), சேதுபந்தாசனத்தில் (மல்லாந்து படுத்து இடுப்பைத் தூக்குவது) இடுப்புக்குக் கீழே பிளாக். மூன்றாவது, இடத்தைச் சொல்வது. முதுகு சுவரைத் தொடுகிறதா, தொடைகளுக்கு நடுவில் வைத்த பிளாக் நழுவுகிறதா, மேட்டின் கோட்டில் குதிகால் நிற்கிறதா என்று இவைதான் சேதி சொல்கின்றன. நான்காவது, பாதுகாப்பு. சர்வாங்காசனத்தில் (தோளை ஊன்றிக் காலை மேலே உயர்த்துவது) தோளுக்குக் கீழே மடித்து வைக்கும் கம்பளிகள் இதில் சேரும்.

இதில் முதலில் கைவைக்க வேண்டியது மூன்றாவது வகையில். சுவரும் கோடும் சொல்லும் சேதியை உடம்பே சொல்லக் கற்றுக்கொள்ள முடியும். தவறினாலும் பெரிய சேதம் இல்லை. அப்புறம் தூரத்தைக் குறைக்கும் வகையை மெதுவாகக் குறைக்கலாம். எடை தாங்கும் வகையை அவசரப்பட்டு எடுக்கத் தேவையே இல்லை. ஓய்வுக்காகப் போல்ஸ்டரில் சாய்ந்து படுப்பதில் எந்தப் பலவீனமும் கிடையாது.

எழுதும்போது "ஏன் என்று தெரியவில்லை, வகுப்பில் கொடுத்தார்கள்" என்று சில வரிகள் வரும். அவைதான் முதலில் போக வேண்டியவை.

## எதை எடுக்கவே கூடாது

சர்வாங்காசனக் கம்பளியை விடாதீர்கள். தோள் உயரத்திலும் தலை அதைவிடத் தாழ்விலும் இருக்கும்படி அடுக்கும்போதுதான் கழுத்து மடங்கும் கோணம் குறைகிறது. கம்பளி இல்லாமல் சமதரையில் செய்தால் உடம்பின் எடை கழுத்தின் கீழ்ப்பகுதிக்குப் போகும். கம்பளி அலுத்துப்போனால் ஆசனத்தையே மாற்றி, காலைச் சுவரில் உயர்த்தி வைத்துப் படுங்கள்.

சுகாசனத்தில் (சம்மணமிட்டு) உட்காரும்போது முழங்கால் இடுப்பைவிட மேலே நிற்கிறது என்றால், கீழே மடித்து வைத்த போர்வை வேண்டும். அது இல்லாவிட்டால் இடுப்பு பின்னால் சரியும், கீழ்முதுகு கூன் விழும், பத்து நிமிடத்தில் வலி வரும். சிலருடைய இடுப்பு மூட்டின் அமைப்பே அப்படி. வருடக்கணக்கில் பழகினாலும் அந்தப் போர்வை அவர்களுக்குத் தேவைப்படும், அதில் ஒரு குறையும் இல்லை.

எலும்பு அடர்த்தி குறையும் நோய் (ஆஸ்டியோபோரோசிஸ்) உள்ளவர்கள் முதுகை வளைத்து ஆழமாகக் குனிவதையும், கண் அழுத்த நோய் உள்ளவர்கள் தலைகீழ் ஆசனங்களையும் உபகரணம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் தவிர்க்க வேண்டும். கர்ப்பிணிகள், அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்கள், தலைசுற்றல் உள்ளவர்கள், கீழே விழும் அபாயம் உள்ள முதியவர்கள் ஆகியோருக்கு இந்தக் கட்டுரையில் சொல்லும் "குறைத்தல்" பொருந்தாது. அவர்களுக்குச் சுவரும் நாற்காலியும் பக்கத்திலேயே இருக்கட்டும்.

## படி 2: உள்ளே இருக்கும் மூன்று அளவுகோல்கள்

நாம் கண்ணை மூடிக்கொண்டே சோற்றை வாய்க்குக் கொண்டுபோகிறோம். கை எங்கே இருக்கிறது, எவ்வளவு மடங்கியிருக்கிறது என்று தசைகளிலும் தசைநாண்களிலும் மூட்டுகளைச் சுற்றியும் உள்ள உணர்விகள் மூளைக்குச் சொல்லிக்கொண்டே இருக்கின்றன. காதின் உட்பகுதி தலையின் சாய்வைச் சொல்கிறது. கண் மூன்றாவது. இந்த மூன்றில் கண்ணுக்கு நாம் கொடுக்கும் இடம் மிகப் பெரியது; கண்ணாடியைப் பார்த்தே பழகினால் மற்ற இரண்டையும் கேட்கும் பழக்கம் வளராது. கிணற்றில் சுரைக்குடுக்கை கட்டி நீச்சல் பழகும் பிள்ளை, குடுக்கையை அவிழ்க்கும் நாள் வரை தண்ணீர் தன்னை எப்படித் தூக்குகிறது என்பதைக் கவனிப்பதில்லை. இங்கும் அதே நிலைதான்.

கேட்பதற்கு மூன்று விஷயங்கள் போதும்.

தரையில் விழும் எடை. பாதத்தில் பெருவிரல் அடிமேடு, சுண்டுவிரல் அடிமேடு, குதிகால் என்று மூன்று இடங்களில் எடை விழுகிறது. நின்று செய்யும் எந்த ஆசனத்திலும் இந்த மூன்றில் ஒன்று காணாமல் போனால் மேலே ஏதோ சாய்ந்திருக்கிறது என்று பொருள். வீரபத்ராசனத்தில் (முன்காலை மடக்கி, பின்காலை நீட்டி நிற்பது) முழங்கால் உள்ளே விழுந்தால் சுண்டுவிரல் பக்கம் லேசாகிவிடும். கண்ணாடி இல்லாமலேயே இது தெரியும். கை ஊன்றும் ஆசனங்களில் இதே வேலையை ஆள்காட்டி விரலின் அடிமேடு செய்யும். அது தரையிலிருந்து எழும்பினால் மணிக்கட்டின் வெளிப்பக்கத்துக்குச் சுமை போகிறது.

மூச்சு. பயிற்சி தொடங்கும் முன் சும்மா உட்கார்ந்து, இன்றைக்கு உங்கள் இயல்பான மூச்சு எவ்வளவு நீளம் என்று எண்ணுங்கள். உள்மூச்சுக்கு 4, வெளிமூச்சுக்கு 6 என்று வைத்துக்கொள்வோம். ஆசனத்துக்குள் போன பிறகும் கிட்டத்தட்ட அதே நீளம் இருந்தால் அந்த ஆழம் உங்களுக்குச் சரி. மூச்சு திடீரென்று குட்டையானால், உள்ளே போகும்போது தடைபட்டால், அல்லது தெரியாமலே அடக்கிக்கொண்டிருந்தால் நீங்கள் அளவைத் தாண்டிவிட்டீர்கள். பிளாக்கின் உயரத்தை மாற்றுவதற்கு முன் இதைத்தான் பார்க்க வேண்டும். உஜ்ஜாயி (தொண்டையை லேசாகக் குறுக்கி விடும் மூச்சு) பழகியவர்களுக்கு இன்னும் எளிது: தொண்டையில் எழும் ஓசை கரகரத்தால் போதும், சேதி வந்துவிட்டது.

இழுப்பும் குத்தலும். தசையின் நடுப்பகுதியில் பரவலாகத் தெரியும் இழுப்பு நல்லது. மூச்சுவிட்டால் அது இளகும். மூட்டுக்கு அருகில் ஓர் இடத்தில் குத்துவது, கிள்ளுவது போன்ற உணர்வு வேறு. குனியும்போது தொடை வயிற்றைச் சந்திக்கும் இடுக்கில் கிள்ளினால் பெரும்பாலும் மூட்டின் முன்புறம் நெருக்கப்படுகிறது, சில சமயம் எலும்பே எலும்பை இடிக்கிறது. அங்கே இழுத்துப் பயன் இல்லை. காலைக் கொஞ்சம் அகட்டுங்கள் அல்லது நிறுத்துங்கள். உட்காரும் எலும்புக்குச் சற்றுக் கீழே, தொடையின் பின்பக்கத் தசை தொடங்கும் இடத்தில் வலித்தால் அது தசைநாண் எரிச்சலாக இருக்கலாம். நீட்டிக் குனியும் ஆசனங்களை அதிகமாகச் செய்பவர்களுக்கு இது அடிக்கடி வரும். முழங்காலை மடக்கிச் செய்ய வேண்டும். மரத்துப்போவது, மின்சாரம் ஓடுவது போன்ற உணர்வு நரம்பின் முறையீடு. உடனே வெளியே வாருங்கள்.

யோக சூத்திரத்தில் பதஞ்சலி ஆசனத்துக்குச் சொன்ன இலக்கணம் நிலைத்தன்மையும் சுகமும். இந்த மூன்று அளவுகோல்களும் அந்த இரண்டைத்தான் அளக்கின்றன. கோணம், அங்குலம் எதையும் அவர் சொல்லவில்லை.

## படி 3: கண் மூடிய தாடாசனம்

தாடாசனம் என்பது நேராக நிற்பது. எல்லாவற்றையும் இதிலிருந்துதான் தொடங்கச் சொல்வேன். எளிது என்று தாண்டிவிடாதீர்கள்.

சுவருக்கு ஒரு கை தூரத்தில், மேட் இல்லாமல் வெறும் தரையில் நில்லுங்கள். மெத்தென்ற மேட் பாதத்தின் சேதியை மங்கச் செய்யும். கால்களைச் சேர்த்துத்தான் நிற்க வேண்டும் என்று இல்லை, இடுப்பகலம் போதும். கண் திறந்தபடி எடையை மெதுவாக முன்னே கொண்டுபோங்கள், விரல்கள் தரையைப் பற்றும் வரை. பிறகு குதிகாலுக்கு. பிறகு வலம், இடம். ஆட்டத்தைச் சிறிது சிறிதாகக் குறைத்து, எங்கே தசைகள் மிகக் குறைவாக வேலை செய்கின்றனவோ அங்கே நிறுத்துங்கள்.

இப்போது கண்ணை மூடுங்கள். உடம்பு ஆடும். நரம்பியல் மருத்துவர்கள் காலைச் சேர்த்து நிற்கவைத்துக் கண்ணை மூடச் சொல்லும் ராம்பெர்க் பரிசோதனையின் அடிப்படையும் இதுதான்: கண்ணை எடுத்துவிட்டால் மற்ற உணர்விகள் எப்படித் தாங்குகின்றன என்று பார்ப்பது. ஆரோக்கியமானவர்களுக்கும் லேசான ஆட்டம் இருக்கும். அதை அடக்காதீர்கள். கணுக்கால் செய்யும் சின்னச் சின்னத் திருத்தங்களைக் கவனித்துக்கொண்டு பத்து மூச்சு நில்லுங்கள். காலைச் சேர்க்காமல் நிற்கும்போதே மிகவும் தள்ளாடினாலோ விழப்போனாலோ பயிற்சியை நிறுத்திவிட்டு மருத்துவரிடம் காட்டுங்கள்.

கண்ணைத் திறக்காமலே இரண்டு கைகளையும் தோள் உயரத்துக்குப் பக்கவாட்டில் தூக்குங்கள். இரண்டும் ஒரே உயரம் என்று தோன்றும்போது கண்ணைத் திறந்து பாருங்கள். அநேகமாக ஒன்று தாழ்ந்திருக்கும். தினமும் இதைச் செய்தால், உடம்பு நினைக்கும் நேருக்கும் உண்மையான நேருக்கும் உள்ள இடைவெளி குறைந்துகொண்டே வருவது தெரியும். கண்ணாடிக்கு இங்கே சரியான ஓர் இடம் உண்டு: முதலில் உணர வேண்டும், பிறகுதான் சரிபார்க்க வேண்டும்.

## படி 4: தங்குவதற்கு முன் நகருங்கள்

ஆசனத்துக்குள் ஒரேயடியாகப் போய் நின்றுவிடுவதால்தான் உபகரணத்தின் தேவை பல நேரம் அதிகமாகிறது. கிருஷ்ணமாச்சார்யா மரபில் மூச்சோடு உள்ளே போய், மூச்சோடு வெளியே வருவதை நான்கு முதல் ஆறு முறை செய்துவிட்டுத்தான் தங்குவார்கள். மூச்சு முதலில் தொடங்கும். ஒரு நொடி கழித்து உடம்பு நகரும். உடம்பு நின்ற பிறகும் மூச்சு சற்று நீளும்.

உத்தானாசனத்தை எடுத்துக்கொள்ளுங்கள். உள்மூச்சில் கைகளை மேலே தூக்குங்கள். வெளிமூச்சில் முழங்காலை லேசாக மடக்கிக் குனியுங்கள், உள்மூச்சில் எழுந்து வாருங்கள். முதல் முறை கை முழங்காலோடு நிற்கும். நான்காவது முறை தானாகக் கணுக்காலுக்குப் போயிருக்கும். ஒருவேளை போகாமலும் இருக்கலாம். எங்கே மூச்சு சீராக இருந்ததோ அங்கே தங்குங்கள். முதல் முறையே பிளாக்கை வைத்திருந்தால் இந்த வித்தியாசம் தெரிந்திருக்காது.

## படி 5: ஆசனம் ஆசனமாக

திரிகோணாசனம். உபகரணம் குறைப்பதைப் பழக இதைவிட நல்ல ஆசனம் இல்லை. முதலில் வழக்கம்போல் பிளாக்கை நிமிர்த்தி வைத்துச் செய்யுங்கள். அப்படியே நின்றபடி, பிளாக்கிலிருந்து கையை ஒரு விரல் அளவு மட்டும் தூக்கி இரண்டு மூச்சு இருங்கள். உடம்பு தொபுக்கென்று கீழே இறங்கினால், இதுவரை உங்களைத் தாங்கியது காலும் இடுப்பும் கிடையாது, கைதான். அப்படியானால் குனிவதைக் குறையுங்கள். கை தூக்கியும் அசையாமல் நிற்க முடிகிறதா, அந்த ஆழம்தான் உங்களுடைய திரிகோணாசனம். பிறகு பிளாக்கை எடுத்துவிட்டு, கையை முழங்காலுக்குக் கீழே கெண்டைக்காலுக்கு முன்பக்க எலும்பின் மேல் மெதுவாக வையுங்கள். முழங்கால் மூட்டின் மேல் அழுத்த வேண்டாம். கை தரையைத் தொட்டாக வேண்டும் என்ற ஆசையை இங்கே விட்டுவிடலாம்.

இதே ஆசனத்தில் "இரண்டு சுவருக்கு நடுவில் நிற்பது போல உடம்பை ஒரே தளத்தில் வை" என்று சொல்லிக்கொடுத்திருப்பார்கள். எல்லோருக்கும் இது பொருந்தாது. பெரியவர்களில் தொடையெலும்பின் கழுத்து சுமார் 10 முதல் 20 டிகிரி வரை முன்பக்கமாகத் திரும்பியிருப்பது வழக்கம்; சிலருக்கு அதைவிட அதிகம், சிலருக்கு மிகக் குறைவு. இடுப்புக் குழியின் ஆழமும் அது பார்க்கும் திசையும் ஆளுக்கு ஆள் வேறு. மேல் இடுப்பை வலுக்கட்டாயமாகப் பின்னால் தள்ளினால், எலும்பு அனுமதிக்காத திருப்பத்தை முழங்காலோ, கீழ்முதுகில் இடுப்பெலும்பு சேரும் மூட்டோ ஏற்றுக்கொள்ளும். மேல் இடுப்பு கொஞ்சம் முன்னே சாயட்டும். முன்காலின் முழங்கால் இரண்டாவது விரல் பார்க்கும் திசையில் இருக்கிறதா, மார்பு திரும்ப இடம் இருக்கிறதா, அது போதும்.

வீரபத்ராசனம். "முழங்கால் கணுக்காலைத் தாண்டக் கூடாது" என்பது பழகும் காலத்துக்கு நல்ல வேலி. அதைத் தாண்டினாலே முழங்கால் கெட்டுவிடும் என்பது உண்மை இல்லை. படியிறங்கும்போதும், குந்தி உட்காரும்போதும் முழங்கால் விரல்களைத் தாண்டித்தான் போகிறது. முழங்கால் உள்பக்கம் சரிகிறதா என்பதுதான் இங்கே முக்கியம்; சுண்டுவிரல் அடிமேட்டின் எடை அதைச் சொல்லிவிடும். பின்கால் குதிகாலை முன்காலின் கோட்டில் வைத்தால் தள்ளாடுகிறது என்றால், கோட்டை மறந்துவிட்டு இடுப்பகலம் விட்டு நில்லுங்கள்.

அதோமுக ஸ்வானாசனம் (கையும் காலும் ஊன்றி இடுப்பை மேலே உயர்த்துவது). குதிகால் தரையைத் தொட வேண்டும் என்று அதற்குக் கீழே சுருட்டிய மேட்டை வைப்பவர்கள் உண்டு. அதை எடுத்துவிட்டு முழங்காலை மடக்கினால் போதும். கெண்டைத்தசையின் நீளமும் கணுக்கால் எலும்பின் அமைப்பும் சேர்ந்துதான் குதிகாலைத் தீர்மானிக்கின்றன, எல்லோருக்கும் அது இறங்காது. முதுகு நீளமாக இருக்கிறதா, பக்க விலாவுக்குள் மூச்சு போகிறதா என்று பாருங்கள். "தோளைக் காதிலிருந்து கீழே இழு" என்ற கட்டளையையும் இங்கே தளர்த்தலாம். கை தலைக்கு மேலே போகும்போது தோள்பட்டை எலும்பு மேல்நோக்கிச் சுழல்வது இயல்பு. அதைக் கீழே பிடித்து இழுத்தால் தோளில் நெருக்கம்தான் மிஞ்சும். தரையைக் கையால் தள்ளுங்கள், மற்றது தானாக அமையும். இயக்கங்களைக் கற்பதைப் பற்றிய ஆய்வுகளிலும், "இந்தத் தசையை இறுக்கு" என்று சொல்வதைவிட "தரையைத் தள்ளு" என்பது போன்ற சொற்கள் பல நேரம் நன்றாக வேலை செய்வது தெரியவந்திருக்கிறது.

பஸ்சிமோத்தானாசனம். பெல்ட்டைப் போட்டு இழுக்கும்போது அநேகருக்கு இடுப்பு அசையாது, முதுகு மட்டும் வளையும். பெல்ட்டை வைத்துவிட்டு, முழங்காலை மடக்கி வயிறு தொடையைத் தொடும்படி உட்காருங்கள். வயிறும் தொடையும் பிரியாமல் எவ்வளவு தூரம் கால் நீளுமோ அவ்வளவு நீட்டுங்கள். கை எங்கே எட்டுகிறதோ அங்கே சும்மா கிடக்கட்டும், இழுக்க வேண்டாம். அடியில் ஒரு மடித்த போர்வை இருந்தால் அதை அப்படியே வைத்துக்கொள்ளுங்கள்.

விருட்சாசனம் (ஒற்றைக் காலில் நிற்பது). சுவரில் உள்ளங்கை, அப்புறம் இரண்டு விரல், அப்புறம் ஒரு விரல் நுனி, அப்புறம் சுவர் தொடாமல் பக்கத்தில். பாதத்தை முழங்காலின் மேலேயோ கீழேயோ வையுங்கள், மூட்டின் மேல் வேண்டாம். சமநிலை வந்த பிறகு பார்வையை ஒரு புள்ளியிலிருந்து இன்னொரு புள்ளிக்கு நகர்த்துங்கள். கண்ணை மூடுவது வெகு தூரத்தில் இருக்கும் படி, அதற்கு அவசரமே இல்லை.

## கண்ணாடி, கைபேசி, மாஸ்டரின் கை

பக்கவாட்டுக் கண்ணாடியில் உங்களைப் பார்க்கத் தலையைத் திருப்பும்போதே ஆசனம் மாறிவிடுகிறது. நீங்கள் பார்ப்பது நீங்கள் செய்துகொண்டிருந்த ஆசனத்தை இல்லை. கண்ணாடிக்கு முதுகு காட்டி நின்று பழகுவது நல்ல தொடக்கம்.

கைபேசியில் எடுத்துப் பார்ப்பது அதைவிட நல்லது, ஒரு நிபந்தனையோடு. செய்து முடித்ததும் உடனே பார்க்காதீர்கள். "வலது தோள் முன்னால் வந்தது போல இருந்தது, பின்காலில் எடை இல்லை" என்று உணர்ந்ததை முதலில் எழுதுங்கள். பிறகு படத்தைப் பாருங்கள். உணர்ந்ததும் தெரிவதும் பொருந்தும் இடங்களில் இனி படம் தேவையில்லை. பொருந்தாத இடங்கள்தான் உங்கள் அடுத்த வாரப் பாடம். வாரம் ஒருமுறை போதும். இணையத்தில் பார்க்கும் படங்களோடு மட்டும் ஒப்பிட வேண்டாம். அந்த உடம்பின் எலும்பு வேறு.

நல்ல ஆசிரியரின் கை ஒரே தொடுதலில் பல வார்த்தைகளின் வேலையைச் செய்யும். ஆனால் ஆழமாகத் தள்ளும், மேலே ஏறி அழுத்தும் திருத்தங்களை மறுக்க உங்களுக்கு முழு உரிமை உண்டு. "எங்கே தள்ள வேண்டும்?" என்பதைவிட "எங்கே உணர வேண்டும்?" என்று ஆசிரியரிடம் கேட்டுப் பாருங்கள். பதில் வேறு மாதிரி வரும்.

## எவ்வளவு வேகத்தில்?

ஒரு நேரத்தில் ஓர் ஆசனம், அதில் ஒரு துணை. அதைக் குறைத்துவிட்டு இரண்டு வாரம் அப்படியே பழகுங்கள். பிளாக்கை எடுத்துக்கொண்டால் அதன் மூன்று உயரங்களும் மூன்று படிகள்: சுமார் 9 அங்குலம், 6 அங்குலம், 4 அங்குலம். ஒன்றிலிருந்து அடுத்ததற்கு மூச்சின் நீளம் மாறாதபோது மட்டும் இறங்குங்கள். வாரத்தில் ஒரு நாள் எல்லா உபகரணத்தோடும் பழைய முறையில் செய்யுங்கள். அன்றைக்கு உடம்பு கொடுக்கும் உணர்வை மற்ற நாட்களில் தேட அது உதவும்.

அடுத்த நாள் காலை படுக்கையை விட்டு எழும்போது என்ன தெரிகிறது என்பதையும் பாருங்கள். தசையில் லேசான நோவு இருந்தால் கவலை இல்லை. மூட்டில் பிடிப்பு, இடுப்பின் ஒரு பக்கத்தில் மட்டும் வலி, கழுத்தைத் திருப்ப முடியாமை இவற்றில் ஏதாவது இருந்தால் எடுத்த துணையை அன்றே திரும்ப வைத்துவிடுங்கள். இரண்டு வாரத்தில் தணியாவிட்டால் பிசியோதெரபிஸ்டைப் பாருங்கள். தூக்கம் கெட்ட நாள், மாதவிடாய் நாள், காய்ச்சலிலிருந்து எழுந்த வாரம் இவற்றில் குறைக்கும் பரிசோதனை வேண்டாம்.

வகுப்புக்குப் போகிறவர்கள் இதை ஆசிரியரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுவது நல்லது. வகுப்பு நடுவில் பிளாக்கைத் தள்ளி வைத்தால் அவருக்கு அலட்சியமாகத் தோன்றலாம். "சார், இந்த மாதம் திரிகோணாசனத்தில் மட்டும் பிளாக் இல்லாமல் பழகிப் பார்க்கிறேன், கை தரைக்குப் போகாது, நீங்கள் கவனித்துச் சொல்லுங்கள்" என்று வகுப்பு தொடங்கும் முன் கேட்டால், பெரும்பாலான ஆசிரியர்கள் சந்தோஷமாக ஒத்துழைப்பார்கள்.